கொவால்ஸ்கி: ஒரு பெயர், பல குடும்பங்கள், பல சின்னங்கள்



இன்றைய வரலாற்றுப் பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போலந்து நாட்டில் ஒரு விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்ட வேண்டுமானால், மாதிரிக்கு எழுதும் பெயர் "யான் கொவால்ஸ்கி". பத்திரிகை எழுதுபவர் "சாதாரணக் குடிமகன்" என்று சொல்ல நினைக்கும் இடத்திலும் "கொவால்ஸ்கி" என்றே எழுதிவிடுவார். ஆங்கிலேயருக்கு ஜோன் ஸ்மித் எப்படியோ, போலந்துக்காரருக்கு யான் கொவால்ஸ்கி அப்படி. அந்த நாட்டில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் நோவாக். சுமார் 2 இலட்சம் பேர் அந்தப் பெயரோடு வாழ்கிறார்கள். அதற்கு அடுத்த இடத்தில் இருப்பது கொவால்ஸ்கி. 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர். ஆணுக்கு கொவால்ஸ்கி, பெண்ணுக்கு கொவால்ஸ்கா.

இவ்வளவு பேர் ஒரே பெயரில் இருந்தால் வியாபாரமும் வந்துவிடும் அல்லவா? உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பரம்பரைச் சின்னத்தைக் கோப்பையிலும் சட்டையிலும் அச்சிட்டுத் தருகிறோம் என்று இணையத்தில் பல கடைகள் இருக்கின்றன. கொவால்ஸ்கி என்று கொடுத்தாலும் ஒரு கேடயம், ஒரு தலைக்கவசம், ஒரு மிருகம் என்று அழகான படம் ஒன்று வந்துவிடும். வாங்குபவர் அதைச் சுவரில் மாட்டி, "இது எங்கள் மூதாதையரின் சின்னம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்.

அது உண்மையா? அந்தப் பெயரும் அந்தச் சின்னமும் எப்படி வந்தன என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

*கொல்லன் வீட்டுப் பெயர்*

போலிஷ் மொழியில் "கொவால்" என்றால் இரும்புக் கொல்லன். அரபியில் ஹத்தாத், ஆங்கிலத்தில் ஸ்மித், ஜேர்மன் மொழியில் ஷ்மிட் என்பதெல்லாம் இதே தொழிலில் இருந்து வந்த பெயர்கள்தான். கலப்பைக் கொழு, குதிரை லாடம், கதவுக் கீல், அரிவாள், கோடரி என்று எது வேண்டுமானாலும் கொல்லனிடம்தான் போக வேண்டும். ஊரில் பத்து யான் இருந்தாலும் "கொல்லன் யான்" என்றால் எல்லோருக்கும் ஆள் தெரியும். அப்படித்தான் கொவால், கொவாலிக், கொவால்சிக் போன்ற பெயர்கள் பிறந்தன. கொவால்சிக் என்றால் கொல்லனின் மகன், அல்லது கொல்லனிடம் தொழில் பழகும் பையன். அதுவும் இன்று போலந்தில் முன்வரிசையில் உள்ள ஒரு பெயர்.

அப்படியானால் கொவால்ஸ்கி? கடைசியில் வரும் "ஸ்கி" என்பது ஒரு விகுதி. "சேர்ந்த", "உடைய" என்ற பொருள் தருவது. கொல்லனைச் சேர்ந்தவன் என்றும் கொள்ளலாம். கொவால் என்ற ஊரைச் சேர்ந்தவன் என்றும் கொள்ளலாம். பெயரை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

*ஊர்ப் பெயர்*

போலந்தில் கொவால் என்றொரு சிறு நகரம் உண்டு. "மகா காசிமிர்" என்று போற்றப்படும் மூன்றாம் காசிமிர் மன்னர் 1310ஆம் ஆண்டு பிறந்த இடம் அது. இது தவிர கொவாலே, கொவாலேவோ என்றெல்லாம் பல கிராமங்கள் அந்த நாட்டில் சிதறிக் கிடக்கின்றன.

இந்தக் கிராமங்களுக்கு ஏன் அந்தப் பெயர்? ஆரம்ப கால போலந்து மன்னர்களும் கோமகன்களும் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒவ்வொரு வேலையை விதித்திருந்தார்கள். கேடயம் செய்து கொடுக்கும் கிராமம் ஷ்சிட்னிகி. அம்பு முனை செய்யும் கிராமம் க்ரோட்னிகி. ரொட்டி சுடுவோர் கிராமம் பியெகாரி. அதே போல, கொல்லர்கள் குடியிருந்து அரண்மனைக்கு இரும்பு வேலை செய்து கொடுத்த கிராமம் கொவாலே. வேலை முறை மறைந்த பின்னும் ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது.

14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் தம்மை ஊர்ப் பெயரால் அடையாளப்படுத்தினார்கள். "கொவாலே ஊர் யான்" என்று எழுதினார்கள். பிறகு அது சுருங்கி "யான் கொவால்ஸ்கி" ஆனது. கொவாலே ஊரை வைத்திருந்த பிரபு ஒருவர், கொவாலேவோவை வைத்திருந்த பிரபு இன்னொருவர். இருவருக்கும் இரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பெயர்கள் ஒன்றாகவோ கிட்டத்தட்ட ஒன்றாகவோ அமைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் கொல்லன் வம்சம் அல்ல, கொவாலே ஊருக்குச் சொந்தக்காரன்" என்று ஒரு பிரபு பெருமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஊருக்கே பெயர் கொடுத்தவர்கள் கொல்லர்கள்தான். பிரபுவின் பெயருக்குள்ளும் ஒரு உலைக்களம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

*சின்னம் யாருக்குச் சொந்தம்?*

இங்கிலாந்து போன்ற நாடுகளில் கேடயச் சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் உரியது. போலந்தில் வழமை வேறு. அங்கே ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். சின்னத்துக்கென்று தனிப் பெயர் உண்டு. "இன்னார், இன்ன சின்னத்தைச் சேர்ந்தவர்" என்று எழுதுவார்கள். ஒரே சின்னத்தின் கீழ் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்ததும் உண்டு.

ஒரு உதாரணம். லெலீவா என்ற சின்னத்தில் நீல நிறப் பின்னணியில் தங்கப் பிறையும் அதன் மேல் ஆறு முனை நட்சத்திரமும் இருக்கும். எம்மவர் பார்த்தால், "இது முஸ்லிம் குடும்பம் போல" என்று உடனே நினைத்துவிடுவோம். ஆனால் அது ஒரு பழைய கத்தோலிக்கப் பிரபு வம்சத்தின் சின்னம். 1330ஆம் ஆண்டு தார்னுவ் நகரத்தை அமைத்த ஸ்பித்சிமிர் என்ற பிரபு அந்தச் சின்னத்தைச் சேர்ந்தவர். அவருடைய வழித்தோன்றல்களில் தார்னுவ் ஊரை வைத்திருந்தவர்கள் தார்னொவ்ஸ்கி ஆனார்கள். மெல்ஷ்டின் கோட்டையை வைத்திருந்தவர்கள் மெல்ஷ்டின்ஸ்கி ஆனார்கள். ஒரே இரத்தம், ஒரே சின்னம், ஆனால் பெயர் வேறு.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 1413ஆம் ஆண்டு ஹொரோத்வோ என்ற ஊரில் போலந்தும் லித்துவேனியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. அன்று 47 போலந்துப் பிரபு வம்சங்கள், 47 லித்துவேனியப் பிரபுக்களைத் தத்தமது சின்னத்துக்குள் சேர்த்துக்கொண்டன. லெலீவாவும் அப்படி ஒரு லித்துவேனியப் பிரபுவுக்குக் கொடுக்கப்பட்டது. மொழியும் வேறு, வம்சமும் வேறு. ஆனால் அன்றிலிருந்து சின்னம் ஒன்று.

ஆகவே போலந்தில் ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று அர்த்தமில்லை. ஒரே சின்னம் என்றாலும் ஒரே குடும்பம் என்று அர்த்தமில்லை.

கொவால்ஸ்கி என்ற பெயரிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பிரபுக் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சின்னம். "கொவால்ஸ்கி சின்னம்" என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு சின்னம் கிடையாது. குதிரை லாடம் உள்ள சின்னத்தைக் கண்டதும் "கொல்லன் பெயருக்குப் பொருத்தமாக இருக்கிறதே" என்று நினைக்கவும் கூடாது. போலந்துச் சின்னங்களில் லாடம் சர்வசாதாரணம். மிகப் பரவலான சின்னங்களில் ஒன்றான யாஸ்ட்ஷெம்பியெத்ஸ் என்பதும் ஒரு தங்க லாடமும் அதற்குள் ஒரு சிலுவையும்தான். அது குதிரை வீரர்களின் உலகத்திலிருந்து வந்தது.

*சின்னம் இருந்தால் என்ன கிடைத்தது?*

இதெல்லாம் வெறும் அலங்காரத்துக்கான போட்டி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பிரபுவா இல்லையா என்பது வாழ்க்கையையே தீர்மானித்தது.

1430 அளவில் பிரபுக்களுக்கு ஓர் உரிமை கிடைத்தது. நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் அவர்களைக் கைது செய்ய முடியாது. 1496இல் வந்த சட்டம், நகர மக்கள் கிராமப்புறத்தில் காணி பூமி வாங்குவதைத் தடுத்தது. விவசாயிகள் ஊரைவிட்டு வெளியேறுவதையும் கடுமையாக மட்டுப்படுத்தியது. 1573 முதல் நாட்டின் மன்னரைத் தெரிவு செய்யும் உரிமை பிரபுக்களுக்கு வந்தது. இந்தப் பிரபுக்கள் மொத்த மக்களில் நூற்றுக்கு 8 முதல் 10 பேர் வரை இருந்தார்கள். அவர்களில் பலர் ஏழைகள். வேலையாள் இல்லாமல் தாமே ஏர் பிடித்தவர்கள். ஆனாலும் சட்டத்தின் முன் அவர்கள் பிரபுக்கள். மீதிப் பேரில் பெரும்பாலானோர் பிறர் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கக் கடமைப்பட்ட விவசாயிகள்.

இந்த அநியாயத்துக்கு நியாயம் சொல்லக் கட்டுக்கதைகளும் உருவாகின. பிரபுக்கள் சர்மாத்தியர் என்ற பண்டைய குதிரை வீரர்களின் வம்சமாம். விவசாயிகள் நூஹ் நபியின் மகன் ஹாமின் வழிவந்தவர்களாம். "ஹாம்" என்பது போலிஷ் மொழியில் பண்பில்லாதவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரே மொழி பேசி, ஒரே கோயிலில் வணங்கிய அயலவர்களை இரண்டு இனமாகப் பிரித்து வைக்க ஒரு கதை போதுமாக இருந்தது.

*பொய்ப் பிரபுக்களைத் தேடிய மனிதர்*

இவ்வளவு இலாபம் இருந்தால் போலியும் வரும். ஒருவர் பிரபுதானா என்று சந்தேகம் வந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். பெரும்பாலும் ஆறு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சின்னங்களைப் பதிந்து பரிசோதிக்கும் நிரந்தரமான அரச அலுவலகம் எதுவும் அக்காலத்தில் இல்லை. எனவே தெரியாத ஊருக்குப் போய், பெயரின் கடைசியில் "ஸ்கி" சேர்த்து, நல்ல உடை உடுத்து, ஒரு பிரபு வீட்டில் பெண் எடுத்து, மெல்ல மெல்லப் பிரபுவாகிவிட்டவர்கள் இருந்தார்கள்.

இதைப் பொறுக்க முடியாத ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தார். வலேரியன் நெகாண்டா ட்ரெப்கா என்று பெயர். கண்டதையும் கேட்டதையும் சேர்த்து, பிரபுக்கள் போல நடிப்பவர்கள் என்று தாம் கருதிய சுமார் 2,500 பேரை அகர வரிசையில் பட்டியலிட்டார். 1640இல் அவர் இறக்கும்வரை அதுதான் அவர் வேலை. "ஹாம்களின் புத்தகம்" என்றே அந்த நூல் பெயர் பெற்றது. அது அச்சில் வந்தது 1963இல்தான். அதில் உள்ள எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊர் வம்பும் பொறாமையும் கலந்திருக்கின்றன. ஆனால் ஒன்றை அது நன்றாகவே காட்டுகிறது. "ஸ்கி" என்ற விகுதி பிரபு இரத்தத்துக்குச் சான்று அல்ல என்பது அந்தக் காலத்து மக்களுக்கே தெரிந்திருந்தது.

*போலந்தின் முஸ்லிம்களும் அவர்களின் சின்னங்களும்*

இந்த இடத்தில் எம்மில் பலர் அறியாத ஒரு செய்தி. போலந்திலும் லித்துவேனியாவிலும் 600 ஆண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். லிப்கா தாதாரியர் என்று அழைக்கப்படும் அவர்கள், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனிய ஆட்சியாளர் வீட்டோல்ட்டின் காலத்தில் குடியேறியவர்கள். குதிரைப் படை வீரர்கள். 1410இல் நடந்த புகழ்பெற்ற க்ருன்வால்ட் போரில் வீட்டோல்ட்டின் பக்கம் நின்று போரிட்டவர்கள்.

சம்பளம் கிடைக்காமலும் உரிமைகள் குறைக்கப்பட்டும் 1672இல் அவர்களில் ஒரு பகுதியினர் கிளர்ந்து உஸ்மானியர் பக்கம் போனார்கள். பின்னர் திரும்பி வந்தவர்களுக்கு, 1679இல் மன்னர் யான் சோபியெஸ்கி சம்பளப் பாக்கிக்குப் பதிலாக நிலங்களைக் கொடுத்தார். அப்படிக் கிடைத்த போஹோனிகி, க்ருஷினியானி என்ற இரு கிராமங்களிலும் மரத்தால் கட்டிய பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன.

அவர்களின் பெயர்களைப் பாருங்கள். அஹ்மதோவிச் என்றால் அஹ்மதின் மகன். அசனோவிச் என்றால் ஹஸனின் மகன். நாம் "பின் அஹ்மத்" என்று சொல்வதை அவர்கள் "ஓவிச்" என்ற விகுதியால் சொன்னார்கள். இன்னும் சில குடும்பங்கள் ஊர்ப் பெயரோடு "ஸ்கி" சேர்த்து க்ரிச்சின்ஸ்கி போன்ற பெயர்களை எடுத்தன. பெயரைக் கேட்டால் முஸ்லிம் என்று தெரியவே தெரியாது.

அவர்களுக்கும் கேடயச் சின்னங்கள் இருந்தன. குதிரைகளிலும் பொருட்களிலும் குறியிடப் பயன்படுத்திய "தம்கா" என்ற பழைய குலக்குறிகள், அம்புகள், பிறைகள் எல்லாம் போலந்துக் கேடயத்துக்குள் இடம்பிடித்தன. 1929இல் ஸ்டானிஸ்வாவ் ஜாதுலேவிச் என்பவர் தாதாரியக் குடும்பங்களின் சின்னங்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். போர்க்களத்தில் பிரபுக்களோடு சமமாக நின்றபோதும், பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை அவர்களுக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சின்னம் கிடைத்தது, முழு உரிமை கிடைக்கவில்லை.

ஆக, பிறை இருப்பதெல்லாம் முஸ்லிம் குடும்பமும் அல்ல. "ஸ்கி" என்று முடிவதெல்லாம் கத்தோலிக்கக் குடும்பமும் அல்ல.

*எல்லோருக்கும் வந்த பெயர்*

1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய வல்லரசுகள் போலந்தைப் பங்குபோட்டு விழுங்கின. வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் புதிய அரசுகளுக்கு எல்லோருடைய பெயரும் வேண்டும். அதுவரை ஒரு விவசாயிக்கு நிலையான குடும்பப் பெயர் அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. ஒரே ஆள் ஒரு பதிவில் கொவால் என்றும் இன்னொரு பதிவில் கொவால்ஸ்கி என்றும் இருப்பதுண்டு. 1808 முதல் வார்சோ கோமகனாட்சியில் நெப்போலியன் சட்டப்படி பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் தொடங்கின. யூதர்களும் நிலையான குடும்பப் பெயர் எடுக்கும்படி சட்டங்கள் வந்தன. ஆஸ்திரியப் பகுதியில் அது 1787இலேயே வந்துவிட்டது. எழுதுவினைஞர் எழுதியதே பெயராக நிலைத்தது. கொல்லன் மகன், யூத வியாபாரி, கொவாலே ஊரிலிருந்து நகரத்துக்கு வந்த கூலியாள் என்று எல்லோரும் கொவால்ஸ்கி ஆக முடிந்தது.

கூட்டம் பெருகியதும் பழைய பிரபுக் குடும்பங்கள் சில தம்மைத் தனித்துக் காட்ட, சின்னத்தின் பெயரைக் குடும்பப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டன. ஓநாய்களையும் குதிரைகளையும் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் அல்ஃபிரெட் வியெருஷ்-கொவால்ஸ்கி (1849–1915) அப்படிப்பட்டவர். வியெருஷோவா என்ற அவர்களின் சின்னத்தில் இருப்பது ஒரு வெள்ளாட்டுக் கடா.

அதே பெயரில் வந்த இன்னும் இருவரைச் சொல்கிறோம். ஹெலேனா கொவால்ஸ்கா 1905இல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். கன்னியாஸ்திரியாகி, 33 வயதில் காலமானார். 2000ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. புனித ஃபாஸ்டினா என்று உலகம் அறிந்திருப்பவர் அவர்தான்.

அடுத்தவர் ததேயுஷ் கொவால்ஸ்கி (1889–1948). அரபு, துருக்கி மொழிகளில் பெரும் அறிஞர். கொவால் ஊரில் பிறந்த அந்தக் காசிமிர் மன்னர் 1364இல் நிறுவிய க்ராகோவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 10ஆம் நூற்றாண்டில் அந்தலூஸிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்குப் பயணம் செய்த இப்ராஹீம் இப்னு யஃகூப் என்ற யூதப் பயணி, போலந்தின் முதல் ஆட்சியாளர் மியெஷ்கோவின் நாட்டைப் பற்றி அரபியில் எழுதினார். அது அல்-பக்ரியின் நூலில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. போலந்து நாட்டைப் பற்றிய மிகப் பழைய வர்ணனைகளில் ஒன்று அது. அதை 1946இல் செம்மையாகப் பதிப்பித்து, போலிஷ் மொழியில் தந்தவர் இந்தக் கொவால்ஸ்கிதான். ஒரு நாட்டின் ஆரம்பக் கதையை அந்த நாட்டு மக்கள் அரபுப் பக்கங்களிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

ஓவியர், கன்னியாஸ்திரி, அரபு அறிஞர். மூவருக்கும் ஒரே பெயர். இவர்களில் எவரையும் மதிக்க அவரது சின்னத்தைத் தேட வேண்டிய தேவை எமக்கு வரவில்லை.

*நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது*

சுதந்திரம் திரும்பிய பின், 1921ஆம் ஆண்டு போலந்து அரசியலமைப்பு பரம்பரைச் சிறப்புரிமைகளையும் குலச்சின்னங்களையும் பட்டங்களையும் இனி அரசு அங்கீகரிக்காது என்று அறிவித்தது. கல்வி, தொழில், பதவி சார்ந்த பட்டங்களை மட்டும் விட்டுவைத்தது. பிறப்பால் வந்தது போய், உழைப்பால் வந்தது நின்றது.

அப்படியானால் வேரைத் தேடுவது தவறா? இல்லவே இல்லை. தேடும் முறைதான் முக்கியம். கடைக்காரர் பெயரிலிருந்து தொடங்கி நேராகப் பிரபுவிடம் பாய்கிறார். வரலாறு படிப்பவர் தன்னிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போகிறார். தனது பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு, பாட்டனாரின் பதிவு, அவர் பிறந்த ஊர், அந்த ஊரின் தேவாலயப் பதிவேடு. ஒரு படி கிடைக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தாண்டிக் குதிக்கக் கூடாது. அப்படிப் போன ஒரு கொவால்ஸ்கிக்கு முடிவில் ஒரு கோட்டை கிடைக்கலாம். பெரும்பாலும் ஒரு கொல்லன் பட்டறையோ ஒரு குடியானவன் குடிசையோதான் கிடைக்கும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கொல்லன் இல்லாமல் எந்தப் பிரபுவின் குதிரை ஓடியது?

எமது ஊர்களிலும் "அவர் எந்தக் குடும்பம்?" என்ற கேள்வி இன்னும் கல்யாணப் பேச்சில் முதலாவதாக வருகிறது. கேட்பதில் பிழையில்லை, உறவு முறை தெரிய வேண்டும்தான். ஆனால் விடையை வைத்து ஆளை எடைபோடும்போது, 2,500 பெயர்களை எழுதி முடித்த அந்த ட்ரெப்காவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்களின் பெற்றோர், பாட்டன் பாட்டியின் பெயர், ஊர், தொழில் மூன்றையும் இந்த வாரமே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சின்னம் வேண்டாம். அது போதும். எத்தனை தலைமுறை வரை போக முடிந்தது என்று கீழே எழுதுங்கள், எல்லோரும் அறிந்துகொள்வோம்.